மாடு கொடுப்போரே, தண்ணீர் எங்கே?

2009இல் போர் ஓய்ந்த பின்னர் வடக்கில் வழங்கப்பட்ட வாழ்வாதார உதவிகளுள் கறவை மாடும் ஒன்று. கணவனை இழந்த பெண்ணின் கையில் மாட்டுக் கயிற்றைக் கொடுத்துப் படம் பிடிப்பார்கள். மறுநாள் அப்படம் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்துவிடும். அத்தகைய படங்கள் பலவற்றை நானும் பக்கத்தில் இட்டிருக்கிறேன். அவற்றுள் ஒன்றிலேனும் மாட்டின் பின்னால் ஒரு தண்ணீர்த் தாங்கியைக் கண்டதில்லை.

கறவை மாடொன்று வெப்ப நாளில் 40 லீற்றர் வரை, சிலவேளை அதற்கு மேலும் அருந்தும். இரண்டு மாடுகளென்றால் நாளொன்றுக்கு எட்டு வாளி. அதை அள்ளிச் சுமப்பவள் அந்தப் பெண்தான். தண்ணீர் குறைந்தால் மாடு தீனியைக் குறைக்கும், பால் வற்றும், ஈற்றில் மாடு விலைபோகும். பயனாளி உழைக்கவில்லை என்று அறிக்கை எழுதுவது மட்டும் எஞ்சும்.

“கிணறு இருக்கிறதே” என்பர் சிலர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. சுண்ணக்கற் பாறையினுள் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கும் நன்னீரே நமது கிணற்று நீர். அதை இயந்திரம் வைத்து அளவின்றி இறைத்தால் உவர் மேலேறும். தோட்ட நிலங்களில் இட்ட உரத்தின் நைத்திரேற்று அங்குள்ள கிணறுகள் பலவற்றில் கலந்துள்ளது. மாட்டின் இரைப்பையில் அது நைத்திரைற்றாக மாறும். அளவு மிஞ்சினால் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும். நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகள் வறட்சியில் நீரின்றி மடிந்ததையும் நாம் அறிவோம்.

“கடல்நீரைக் குடிநீராக்கும் தாளையடித் திட்டம் 2024இல் வந்துவிட்டதே” என்பர் வேறு சிலர். அது மக்களின் குடிநீருக்காகப் பெருஞ்செலவில் உப்பகற்றிய நீர். வானம் இலவசமாகத் தருவதை மண்ணில் ஓடவிட்டு, குழாய் நீரை விலைக்கு வாங்கி மாட்டுக்கு வைப்பது எந்தச் சிக்கனத்தில் சேரும்?

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். போருக்குப் பின் கட்டப்பட்ட 550 சதுர அடி வீடொன்றின் கூரை ஏறத்தாழ 50 சதுர மீற்றர். ஆண்டு மழையை 1,200 மில்லிமீற்றர் எனக் கொண்டு ஐந்திலொரு பங்கைக் கழித்தாலும் 48,000 லீற்றர் கிடைக்கும். அதன் பெரும் பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரியில் வருவது. கடுங்கோடையின் 120 நாட்களுக்கு இரண்டு மாடுகளுக்குத் தேவைப்படுவது 9,600 லீற்றர் மட்டுமே. ஆகவே 10,000 லீற்றர்த் தாங்கி ஒன்றும் கூரைக்குப் பீலியும் போதும்.

கூரைநீரில் காக்கை எச்சம் கலக்கும் என்பது நியாயமான அச்சம். மழை தொடங்கியவுடன் வரும் கழுவுநீரை வெளியே விட்டு, குழாய்வாயில் வலையிட்டு, தாங்கியை இறுக மூடி, ஆண்டுக்கொருமுறை கழுவினால் அந்த அச்சம் பெரிதும் நீங்கும். மூடியில்லாத தாங்கி டெங்கு நுளம்பின் இருப்பிடமாகும் என்பதையும் மறக்கலாகாது.

இலங்கையில் 2007ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் நகர அபிவிருத்திப் பகுதிகளில் எழும் புதிய கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஊர்ப்புறத்து மாட்டுக் கொட்டிலின் கூரை அச்சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. தெருவோரத்தில் ஆவுரஞ்சிக் கல் நாட்டி, அருகே மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டியும் கட்டிவைத்த சமூகம் நம்முடையது. அவர்களுக்குச் சட்டமும் திட்ட அறிக்கையும் தேவைப்படவில்லை.

ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இயங்கும் ஊர்ச் சங்கத்தினரிடம் நான் கேட்பது ஒன்றே. பத்து மாடு வாங்கச் சேர்த்த பணத்தில் ஐந்து மாடும் ஐந்து தாங்கியும் கொடுங்கள். எண்ணிக்கை பாதியாகும்; படமும் அத்தனை அழகாக இராது. ஆனால் அடுத்த ஆவணியில் அந்த ஐந்து மாடுகளும் பட்டியில் நிற்கும். தண்ணீரின்றிக் கொடுக்கப்படும் மாடு உதவியன்று. ஓர் ஏழைப் பெண்ணின் தோளில் ஏற்றிய இன்னொரு சுமை.