பானட்டைத் திறந்து வையுங்கள்!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

கண்காட்சி என்னும் சொல்லில் கண் இருக்கிறது. காதும் கையும் இல்லை. அதனால்தானோ என்னவோ, பழைய கார்க் கண்காட்சிக்குச் செல்வோரில் பலர் வண்ணத்தை வியந்து, வண்டியின் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டு, அத்துடன் திருப்தியடைந்து திரும்பிவிடுகிறார்கள். பளபளக்கும் பம்பரும் முகப்பு விளக்கும் அவர்கள் கண்ணில் படுகின்றன. வண்டியை ஓட வைக்கும் எஞ்சினோ மூடிய பானட்டுக்குள் இருட்டில் கிடக்கிறது. இது முறைதானா என்பதே என் கேள்வி.

பதின்மூன்று வயது முதல் பதினேழு வயது வரை, கொரோனாக் காலம் நீங்கலாக, என் தந்தையாருடன் இத்தகைய கண்காட்சிகளுக்குச் சென்று வந்தவள் நான். என் தந்தை கார் மெக்கானிக். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து தொழில் கற்றவர். அவர் கற்ற வண்டிகள் அம்பாசடரும் பியட்டும். அம்பாசடர் 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோனது. பியட்டின் வழிவந்த பிரீமியர் பத்மினி அதற்கும் முன்பே விடைபெற்றது. ஆகவே அவர் கைபழகிய வண்டிகளைச் சாலையில் காண்பது அரிதாகி, கண்காட்சியில் போய்ப் பார்க்கவேண்டிய நிலை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பட்டறையை மூடிவிட்டு என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்புவார்.

அங்கே நான் கற்றவை மூன்றை மட்டும் இங்கே கூறுகிறேன்.

முதலாவது, தீப்பொறியின் வரிசை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் வெடிப்பு 1, 2, 3, 4 என்று நேர்வரிசையில் நிகழ்வதில்லை. அம்பாசடரிலும் பியட்டிலும் அது 1, 3, 4, 2 என்று செல்லும். "ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு" என்று வாய்ப்பாடு போல அப்பா ஒப்பிப்பார். ஏன் அப்படி என்று கேட்டேன். நான்கு விரல்களை நீட்டி, ஓரத்து விரல்கள் இரண்டையும் சேர்த்து உயர்த்தினார்; நடு விரல்கள் இரண்டையும் தாழ்த்தினார். ஒன்றாம் பிஸ்டனும் நான்காம் பிஸ்டனும் சேர்ந்தே மேலே வரும். இரண்டும் மூன்றும் சேர்ந்தே மேலே வரும். சேர்ந்து வருகிற இரண்டையும் அடுத்தடுத்து வெடிக்கச் செய்தால் சீரான இடைவெளி கிடைக்காது. "வண்டி ஆட்டங்குடுத்துரும் அம்மிணி" என்றார்.

இரண்டாவது, ஸ்பார்க் பிளக்கின் நிறம். கழற்றிப் பார்க்கையில் அதன் முனையில் கரி அப்பியிருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடையளவில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும் என்று நூல்கள் கூறுகின்றன. என் தந்தைக்கு அந்த எண் தெரியாது. ஆனால் கலவை எந்தப் பக்கம் பிசகியிருக்கிறது என்பதை நிறத்தைக் கண்டே சொல்லிவிடுவார்.

மூன்றாவது, கார்புரேட்டர். "தொண்டை ஒடுங்குன எடத்துல காத்து வேகமா ஓடும். அப்ப ஓர் இழுவை வரும். அந்த இழுவையிலதான் பெட்ரோல் ஏறி வருது" என்பார். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது என்பதை டேனியல் பெர்னூலி 1738-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் ஆராய்ந்தார். முதலாண்டு வகுப்பில் எங்கள் பேராசிரியர் பெர்னூலி தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதியபோது, அது எனக்கு முன்பே அறிமுகமான விஷயமாக இருந்தது. அறிமுகம் செய்து வைத்தவர் எட்டாம் வகுப்புப் படித்தவர்.

இம்மூன்றில் எதையும் மூடிய பானட்டைப் பார்த்துக் கற்றிருக்க முடியாது. ஒருமுறை ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று கண்காட்சிக்கு வந்திருந்தது. 1961 முதல் நம் சென்னையில் தயாரான வண்டி அது. அதன் உரிமையாளரான பெரியவரிடம் அப்பா, "ஏனுங்க ஐயா, பானட்டைக் கொஞ்சம் தொறந்து காட்டறீங்களா? புள்ள பாக்கோணும்" என்று கேட்டார். அவரும் மகிழ்ச்சியோடு திறந்தார். ஹெரால்டின் பானட் மட்கார்டுகளோடு சேர்ந்து முழுவதுமாக முன்பக்கம் சாயும். எஞ்சினும் முன் சக்கரங்களும் ஒருசேர வெளியே தெரியும். ஐந்து நிமிடத்தில் அங்கே சிறுவர் கூட்டம் கூடிவிட்டது. வரிசையில் அதைவிட விலையுயர்ந்த வண்டிகள் நின்றன. ஆனாலும் கேள்விகள் பிறந்தது திறந்த வண்டியின் அருகில்தான்.

கோவை அவினாசி சாலையில் உள்ள ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகத்தில், கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கரக் காரின் மாதிரி வடிவம் ஒன்று இருக்கிறது. பென்ஸின் பெயரை உலகம் அறியும். அவருடைய மனைவி பெர்த்தா செய்ததை எத்தனை பேர் அறிவோம்? 1888 ஆகஸ்டு மாதம் அவர் தம் மகன்கள் இருவரை ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தம் தாய்வீட்டுக்கு அந்த வண்டியை ஓட்டிச் சென்றார். மூத்தவனுக்கு வயது பதினைந்து, இளையவனுக்குப் பதின்மூன்று. வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகும் ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் தேய்ந்தது, செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார். மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். வண்டியைப் படைத்தவர் ஒருவர். அது வழியில் நின்றுவிடாமல் ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தவர் மற்றொருவர். கண்காட்சிப் பலகைகளில் முன்னவருக்கே இடம் கிடைக்கிறது.

நான் கண்ட பலகைகளில் தயாரித்த நிறுவனம், ஆண்டு, குதிரைத்திறன், உரிமையாளர் பெயர் ஆகியவை இருந்தன. பழுது பார்த்தவரின் பெயர் ஒன்றிலேனும் இல்லை. ஐம்பது ஆண்டு கடந்து, பெரிய மாற்றமின்றி மூலவடிவில் காக்கப்பட்ட வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகத் தனியே பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதிமுறை வகுத்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் மூலவடிவைக் காப்பது யார்? கடையில் கிடைக்காத உதிரிபாகத்தை லேத்தில் கடைந்து பொருத்துகிறவர் அல்லவா? உரிமையாளரின் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் எழுத ஒரு வரி போதுமே!

கூட்டம் கைவைத்துக் கெடுத்துவிடாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான அச்சம். அரிய வண்டி ஒன்றின் ஒரு பாகம் உடைந்தால் மாற்றுக்கு எங்கே போவது? ஆகவே நாள் முழுதும் திறந்து வைக்கச் சொல்லவில்லை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், கயிறு கட்டி, மெக்கானிக் ஒருவர் அருகில் நின்று விளக்கினால் போதும். செல்வந்தரின் பொழுதுபோக்குக்கு நாம் ஏன் யோசனை சொல்லவேண்டும் என்போரும் உளர். வண்டி செல்வந்தருடையதாக இருக்கலாம். அதனுள் இருக்கும் விஞ்ஞானம் பொதுச்சொத்து.

இதில் அவசரமும் உண்டு. கார்புரேட்டர் புதிய கார்களை விட்டுப் போய் நெடுநாளாயிற்று. 2020 ஏப்ரல் 1-ல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடப்புக்கு வந்தபின் புதிய மோட்டார் சைக்கிள்களிலும் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. மின்சாரக் காரிலோ ஸ்பார்க் பிளக்கே கிடையாது. இம்மாற்றம் காற்றின் தூய்மைக்கு நல்லது. அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் காதால் கேட்டே எஞ்சினின் குறையைக் கண்டறியும் தலைமுறை முதுமையை நெருங்குகிறது. அவர்கள் அறிந்தது எந்த நூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை. எழுத அவர்களுக்கு நேரமில்லை. பலருக்குப் பழக்கமும் இல்லை.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நம் பெற்றோர் செய்யத் தெரிந்தவர்கள். நாம் எழுதத் தெரிந்தவர்கள். இவ்விரண்டையும் ஒன்று சேர்ப்பது நம் கடமை அல்லவா? மெக்கானிக்கின் மகன் எஞ்சினைப் பற்றியும், தறிக்காரரின் மகள் தறியைப் பற்றியும் பெற்றோரைக் கேட்டு நான்கு பக்கம் எழுதட்டும். ஆண்டு மலரில் அதற்கென ஒரு பகுதி ஒதுக்கலாம்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு நம் துறைக் கண்காட்சிக்கு ஒரு பழைய எஞ்சினைக் கொண்டுவர அனுமதியுங்கள். விளக்கம் சொல்ல ஒரு மெக்கானிக்கை மேடைக்கு அழையுங்கள். வருகிறவர் என் தந்தையாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. நம் ஊரில் பட்டறைகளுக்குப் பஞ்சமா என்ன?