மூடியைத் திறந்துவைக்கும் வைத்தியம்

கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்துபோனால், பக்கத்து மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, மேஜை மின்விசிறி ஒன்றை அதற்கு நேரே சுழலவிட்டால் போதும் என்கிற அபிப்பிராயம், ஜெராக்ஸ் கடைகளிலும் அலுவலகங்களிலும் வீடுகளிலும் எவரும் கேள்வி கேட்காத சம்பிரதாயமாகவே வேரூன்றிவிட்டது. உஷ்ணம் உள்ளே அடைபட்டுக் கிடக்கிறது, திறந்தால் போய்விடும் என்ற இந்த நியாயம் கேட்பதற்கு நன்றாயிருக்கிறதே தவிர, யந்திரத்தின் அமைப்போடு அதற்குள்ள சம்பந்தம் மிகச் சொற்பம்.

மேஜையில் சிறிதளவே இடம் பிடிக்கும் கம்ப்யூட்டர்கள் பலவற்றில், முன்புறத் துவாரங்களின் வழியே நுழையும் காற்று, பிராசஸரையும் அதனருகிலுள்ள உறுப்புகளையும் தடவிக்கொண்டு பின்புறமாக வெளியேறும்படி, மூடியும் அந்தப் பாதையின் ஒரு சுவராகவே வகுக்கப்பட்டிருக்கிறது. அச்சுவரை நீக்கிவிட்டால் காற்று தனக்கு எளிதான வழியில் விலகிப்போக, தெருப்புழுதி மட்டும் தடையின்றி உள்ளே குடியேறுகிறது. திறந்ததும் சில டிகிரி தணிந்து யந்திரம் சற்று நேரம் கூடுதலாக ஓடுவதுண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அது காற்று நுழையும் வாய் அடைபட்டிருப்பதற்கு அறிகுறியேயன்றிச் சிகிச்சை ஆகாது.

குளிர்சாதனத்தை நம்புகிறவர்களும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 65 வாட் செலவிடும் பிராசஸர், வாட்டுக்கு அரை டிகிரி வீதம் அறையைவிடச் சூடேறுவதாகக் கொண்டால், 40 டிகிரிக் கோடையிலும் அது 73-ஐத் தாண்டாது. பிராசஸரின் உஷ்ணத்தை வாங்கிக் காற்றில் விடும் ஹீட் சிங்க் தூசியால் அடைபட்டு அவ்வீதம் ஒரு டிகிரியாகிவிட்டாலோ 105-ஐ எட்டிவிடும். பல பிராசஸர்களுக்கு எல்லை 100 டிகிரியை ஒட்டியே இருப்பதால், அது முதலில் தன் வேகத்தைக் குறைத்துப் பார்த்து, அதுவும் பலிக்காதபோது சேதத்தைத் தவிர்க்க அணைந்துவிடுகிறது. அறையை 25 டிகிரிக்குக் குளிர்வித்தாலும் அந்தப் பிராசஸர் 90-இல்தான் நிற்கும். இன்னும் கொஞ்சம் தூசி சேர்ந்தால் பழைய கதைதான்.

பிராசஸரின் மேலுள்ள விசிறி சுழல்கிறதே என்று திருப்தியடைவதும் பிரமையே. அதைக் கழற்றிப் பார்த்தால், ஹீட் சிங்க்கின் அலுமினியத் தகடுகளின்மேல் கம்பளித் துண்டைப்போல் தூசி படிந்து, காற்றுக்கு ஊசி நுழையும் இடமும் இல்லாதிருக்கும். அதன் அடியில் பிராசஸரோடு ஒட்டவேண்டிய பேஸ்ட் காய்ந்து பொடியாய் உதிரும். மூலைப் பின்களில் ஒன்று மேலெழும்பி, ஹீட் சிங்க் ஒருபுறமாகச் சாய்ந்திருப்பதும் உண்டு. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, விசிறியின் இதழ்கள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி, பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதியதை இட்டு, எதிரெதிர் மூலைகளிலுள்ள பின்களைச் சத்தம் கேட்கும்வரை அழுத்துவது, சிரத்தையுள்ள எவருக்கும் கைவரக்கூடிய காரியம்.

பயாஸ் திரை 50 டிகிரியைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே யந்திரம் அணையுமானால், உஷ்ணத்தின்மீது பழிபோடுவது அநியாயம். மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். தலை உப்பிய கெபாசிட்டர்களுடன் ஓய்ந்திருக்கிறதா என்றே முதலில் சோதிக்கவேண்டும். அதற்கு மேஜை மின்விசிறியால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. ஆகவே மூடியைக் கழற்றுவதை நான் ஆட்சேபிக்கவில்லை. உள்ளேயிருக்கும் காரணத்தைக் கண்டு களைவதற்காகக் கழற்றுங்கள், களைந்த பின் மறவாமல் பூட்டுங்கள்.