நகல் எனும் வசை

நகல் எடுப்பவன் கலைஞன் அல்ல என்றொரு தீர்ப்பு நம் வட்டத்தில் நெடுநாளாக வழங்கிவருகிறது. 1966இல் பணிக்கரும் தோழர்களும் சோழமண்டலம் கண்டபின், பழைய சரித்திரக் கூட்டச் சித்திரத்தைத் தைல வண்ணத்தில் திரும்பத் தீட்டிப் பழகுவது காலண்டர்க்காரன் வேலை என்றாகிவிட்டது. தீர்ப்பளித்தவர்களில் எத்தனை பேர் ஒன்றையாவது முழுசாக நகல் எடுத்துப் பார்த்தார்கள்?

நான் எடுத்தேன். ஸ்ரீபெரும்புதூர் அறையில், ஷிப்டு முடிந்த இரவுகளில், அச்சுப் பிரதியைப் பார்த்து. ராபர்ட் ஹோம் தீட்டியது. 1792 பிப்ரவரியில் திப்புவின் இரு பிள்ளைகளைக் கார்ன்வாலிஸ் பிணையாகப் பெற்ற காட்சி. பார்க்கையில் எல்லோரும் இருக்கிறார்கள். தீட்டுகையில்தான் உறைத்தது: ஆங்கில அதிகாரிகளுக்கு ஆளுக்கொரு முகம்; ஒவ்வொன்றும் என் நாலைந்து இரவுகளைத் தின்றது. பின்னால் திரண்ட நம்மவர்களை ஒரே பழுப்பில் ஒரே இரவில் முடித்துவிட்டேன்.

அடுத்து மறுதரப்பின் படம். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்ததை ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் எழுதிவைத்தார்கள். இன்று நாம் அசல் என்று வியக்கும் அச்சுவரே 1850களில் டல்ஹௌசியின் உத்தரவில் திரும்பத் தீட்டப்பட்டதுதான். நகலை வைபவர்கள் இதற்கென்ன சொல்வார்கள்? சுவரில் கோடு வரிசை வரிசையாக ஓடுகிறது. தைல வண்ணமோ வெளிச்சம் யார்மேல் விழவேண்டும் என்று கேட்டு நிற்கிறது. பல்லக்கிலிருக்கும் பெய்லிமேல் என்று கை தானாகப் போயிற்று. அவன் படையிலும் பெரும்பான்மை இந்தியச் சிப்பாய்கள்தாம். மறுபடி பழுப்பு.

அதற்குப்பின் என் 'சுயசிருஷ்டி'களை வெளியே எடுத்தேன். ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஆட்கள். ஒரே நிறச் சட்டை, முகமற்ற உருவங்கள். அந்நியமாதல் என்று எழுதிப் பாராட்டினீர்கள், நானும் நம்பினேன். வரிசையில் என் பக்கத்தில் தினமும் நிற்பவனின் மூக்கைக்கூட நான் பார்த்து வரைந்ததில்லை. அது நவீனமல்ல, ஹோமின் பழுப்பு. அவரைத் தொடாமலே என் கை அதைக் கற்றிருந்தது.

நகல் எனக்குக் கலையைத் தரவில்லை. என் கை யாரிடம் பழகியது என்று காட்டிக்கொடுத்தது. இந்தப் பயிற்சியை இழிவென்று சொல்பவர்கள் தம் கை யாருடையது என்று முதலில் பார்க்கட்டும். நான் இப்போது பஸ் வரிசையைத் திரும்ப வரைகிறேன். மூன்று மாதத்தில் ஏழு முகம் முடிந்திருக்கிறது.