கடல்கடந்து வாழ்வோர் பிள்ளையை எப்பள்ளியிற் சேர்ப்பது?

நமது கல்லூரியின் பழைய மாணவர் இந்நாளில் உலகின் பல திக்குகளிலும் பரந்து வாழ்கின்றனர். சாகாமம், திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, காரைதீவு, கல்முனை முதலிய நம் கரையோர ஊர்களிற் பிறந்து, ஈண்டு எழுத்தறிந்து, பின்னர்க் கட்டார், துபாய், ஓமான், சவூதி அரேபியா ஆகிய தேசங்களிற் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் வைத்திய உத்தியோகத்தராகவும் கடமை புரிவோர் தொகை சிறிதன்று. விடுமுறையில் ஊருக்கு வரும் அவர்கள், என் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியரைக் காணுந்தோறும் கேட்பதொரு கேள்வி உண்டு. “பிள்ளைக்கு நான்கு வயதாகப் போகின்றது சேர், பிரித்தானியப் பாடத்திட்டப் பள்ளியிற் சேர்க்கலாமா?” என்பதே அது. ஒருவருக்குச் சொல்லும் விடையைப் பலருக்கும் பயன்படுமாறு இவ்விழா மலரில் எழுதுதல் தகுமென்று கருதுகின்றேன்.

என் விடை சுருக்கமானது. சேர்க்கலாம், ஆனால் எந்தப் பள்ளி என்று ஆராய்வதற்கு முன்னர், எந்த ஆண்டில் ஊர் திரும்புவது என்பதைக் கணவனும் மனைவியும் இருந்து பேசித் தீர்மானித்தல் வேண்டும். அத்தீர்மானம் இல்லாத வீட்டில் எத்துணைச் சிறந்த பள்ளியும் பிள்ளையைப் பாதி வழியில் விட்டுவிடும்.

ஒன்றை முதலிலே சொல்லிவிடுகின்றேன். மத்திய கிழக்குக்குச் சென்ற நம் பகுதியார் அனைவருக்கும் இக்கேள்வி எழுவதில்லை. வீட்டுப் பணிப்பெண்களாகவும் சாரதிகளாகவும் கட்டடத் தொழிலாளராகவும் போனவர்கள் பிள்ளைகளை அம்மம்மாவிடம் ஒப்புவித்துவிட்டே போனார்கள். குடும்பத்தை அழைத்துச் செல்ல அந்நாட்டுச் சட்டம் விதிக்கும் வேதன எல்லையை எட்டியவர்க்கே இந்தத் தெரிவு கிட்டுகின்றது. கிட்டாதவரின் பிள்ளைகளைப் பற்றி வேறொரு கட்டுரை எழுதப்பட வேண்டும்.

இனிப் பிரித்தானியப் பாடத்திட்டம் என்பது யாது? பிரித்தானியா முழுமைக்கும் ஒரே பாடத்திட்டம் இல்லை. ஸ்கொத்லாந்துக்கு வேறு உண்டு. வெளிநாடுகளில் இப்பெயரால் வழங்குவது பெரும்பாலும் இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டமாகும். 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தின்வழி அமைந்தது அது. ஐந்து முதல் ஏழு வயது வரை முதற் கட்டம், ஏழு முதல் பதினொன்று வரை இரண்டாங் கட்டம் என அது வகுக்கப்பட்டுள்ளது. இதனின் வேறாக, கேம்பிறிட்ஜ் பரீட்சைச் சபையார் பிற நாடுகளுக்கென்றே ஆக்கிய ஆரம்பக் கல்வித் திட்டமும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல, எனினும் இரண்டையும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் விற்கின்றனர். பெயர்ப்பலகைக்கு யாரும் உரிமை கொண்டாடாத காரணத்தால், பெற்றோரே துருவிக் கேட்டல் வேண்டும். இங்கிலாந்துக் கல்வித் திணைக்களம் கடல்கடந்த பிரித்தானியப் பள்ளிகளுக்கென ஒரு பரிசோதனை முறையை 2010ஆம் ஆண்டளவில் ஏற்படுத்தியது. துபாயில் 2006இல் நிறுவப்பட்ட கல்வி அதிகாரசபை அங்குள்ள தனியார் பள்ளிகளைப் பரிசோதித்துத் தரமிட்ட அறிக்கைகளை யாவரும் படிக்க வெளியிட்டு வந்திருக்கின்றது. நீச்சற் குளத்தின் படத்தைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்கும் தந்தை, இவ்வறிக்கைகளை ஒரு மாலைப்பொழுதிற் படித்துவிடலாம்.

அப்பாடத்திட்டத்தின் சிறப்பையும் மறைத்தல் ஆகாது. ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு அது விளையாட்டு வழியாகவே கற்பிக்க முனைகின்றது. எழுத்தின் ஒலியைப் பிரித்துங் கூட்டியும் வாசிக்கப் பழக்கும் முறை சீரானது. 2012 முதல் இங்கிலாந்தில் ஆறு வயதளவில் ஒவ்வொரு பிள்ளையின் எழுத்தொலியறிவையும் ஆசிரியர் தனித்தனியே சோதித்து வருகின்றனர். நம் நாட்டிலோ ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பேரால், எட்டு வயதுச் சிறாரை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ரியூசன் கொட்டில்களுக்கு ஓட்டுகின்றோம். அக்கொடுமைக்குத் தப்பிய பிள்ளை பாக்கியசாலி என்றே சொல்வேன்.

ஆயினும் வயதை நோக்குக. நம் நாட்டில் ஜனவரி 31ஆந் திகதிக்கு ஐந்து வயது பூர்த்தியான பிள்ளையே முதலாந் தரத்திற் சேரும். ஆங்கிலேயரின் முறையில், நான்கு வயது பூர்த்தியானதும் வரும் செப்டெம்பரிலேயே ‘ரிசெப்ஷன்’ என்னும் ஆயத்த வகுப்பு தொடங்கிவிடுகின்றது. ஆகஸ்ட் மாதத்திற் பிறந்த குழந்தை நான்கு வயது நிரம்பிய சில நாட்களில் வகுப்பறைக்குள் இருக்கும். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்ட அக்குழந்தை, தண்ணீர் வேண்டுமென்று கேட்கவும் மொழியின்றி நாள் முழுவதும் மௌனமாயிருத்தல் எளிதான காரியமன்று. இத்தகைய வயதில் பிள்ளைக்கு வேண்டுவது பெரிய மண்டபமன்று. ஆண்டு முழுவதும் மாறாத ஓர் ஆசிரியை. ஒப்பந்தம் முடிந்ததும் ஆசிரியர் வேறு தேசம் போய்விடுதல் அப்பள்ளிகளில் வழக்கமாதலின், சென்ற ஆண்டில் எத்தனை பேர் விலகினர் என்று கேட்பதிற் கூச்சம் வேண்டாம். வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்றும் கேட்க. இங்கிலாந்தின் அரசாங்கப் பள்ளிகளிற் சிறார் வகுப்புக்கு முப்பது பேர் என்னும் எல்லையைச் சட்டமே விதித்துள்ளது. பாலைவனத்தில் அச்சட்டம் செல்லாது.

நிற்க. நான் அதிகம் கவலையுறுவது மொழி பற்றியே. பிள்ளையின் தொடக்கக் கல்விக்கு ஏற்ற ஊடகம் தாய்மொழியே என்று யுனெஸ்கோ நிறுவனம் 1953ஆம் ஆண்டிலேயே அறிக்கை வெளியிட்டது. கனடா நாட்டு அறிஞர் ஜிம் கமின்ஸ் என்பார், வேற்று மொழியில் நாளாந்தப் பேச்சுப் பழக ஏறக்குறைய இரண்டு ஆண்டு போதுமாயினும், அம்மொழியிற் பாடங்களை விளங்கிப் படிக்கும் வல்லமை வர ஐந்து முதல் ஏழு ஆண்டு செல்லும் என்று காட்டினார். தாய்மொழியிற் பெற்ற வாசிப்பறிவு மற்ற மொழிக்கும் துணையாகின்றது என்பதும் அவர் கொள்கை. பிள்ளை ஆங்கிலத்திற் சளசளவென்று பேசுகின்றதென மகிழ்ந்து, வீட்டிலும் தமிழை நிறுத்திவிடும் பெற்றோர் இதனைச் சிந்திப்பாராக. அவர்கள் நிறுத்துவது பிள்ளையின் ஆங்கிலத்துக்கும் கைகொடுக்கும் மொழியையே.

இதற்கு எதிராக விபுலாநந்த அடிகளாரை எடுத்துக்காட்டுவார் உளர். காரைதீவிற் 1892இல் தோன்றிய அடிகளார் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மைக்கேல் கல்லூரியிலும் பயின்று, பதினாறு வயதிற் கேம்பிறிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். அத்தகையவர் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகி, 1947இல் யாழ்நூலை நமக்குத் தந்தாரன்றோ? ஆங்கிலப் பரீட்சை அவர் தமிழைக் கெடுக்கவில்லையே என்பர். மெய்தான். ஆனால் அடிகளாருக்கு இளமையிலே தமிழை ஊட்டிய ஊர் இருந்தது. பள்ளி விட்டுத் திரும்பும் தெருவெல்லாம் தமிழ் ஒலித்தது. தோஹாவில் ஐந்தாம் மாடியில் வாழும் பிள்ளைக்குத் தெருவும் அயலும் கடையும் வேறு மொழி பேசுகின்றன. அடிகளாருக்கு ஊர் செய்ததை அங்கே தாயும் தந்தையும் செய்தாக வேண்டும்.

மஸ்கட்டிலும் தோஹாவிலும் நம் நாட்டுச் சமூகத்தார்க்கென அமைந்த இலங்கைப் பாடசாலைகள் உள்ளன. கட்டடம் எளியதாயினும், சக மாணவரில் நம்மவர் பலர் இருப்பர். பெயர் பெற்ற பள்ளியின் கட்டணத்தில் வேதனத்தின் பெரும்பகுதியைக் கரைப்போர், இவற்றை ஒருதரமேனும் சென்று பார்த்தல் நன்று. முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து மயங்குதலும் கூடாது. வகுப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். வேலை கொடுப்போர் ஒரு பிள்ளைக்குத் தருவார்களா, மூன்று பிள்ளைக்கும் தருவார்களா என்பதும் ஒப்பந்தத்திற் பார்க்கத் தக்கது.

திரும்பும் ஆண்டைப் பற்றி முன்னர்ச் சொன்னேன். அதன் காரணம் இதுவே. 1945இல் நமக்குக் கிடைத்த இலவசக் கல்வியின் பயன் அரசாங்கப் பல்கலைக்கழகம் வரை செல்கின்றது. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நூற்றுக்கு நாற்பது இடம் அகில இலங்கைத் திறமைக்கும், ஐம்பத்தைந்து இடம் மாவட்டச் சனத்தொகைக்கும், ஐந்து இடம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. அம்பாறை அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. சாகாமத்துப் பிள்ளைக்கு வைத்தியராகும் வாயில் அவ்வழியே திறந்திருக்கின்றது. அவ்வாயிலுக்குள் நுழைய, நம் மாவட்டப் பாடசாலையிற் பயின்று க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதுதல் வேண்டும். அதற்கு முன் முதன்மொழியும் சமயமும் கட்டாய பாடங்களாயுள்ள சாதாரண தரத்தைக் கடத்தல் வேண்டும். இலண்டன் உயர்தரம் சித்தியெய்தியவருக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் உள்ள இடம் மிகச் சொற்பம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் செலுத்த வல்லவர் கவலையுறார். அவ்வாறு செலுத்த வல்லவர் நம்மில் எத்தனை பேர்?

ஆகவே, பத்து வயதுக்குள் திரும்பும் குடும்பம் சிறு வகுப்புக்களுக்குப் பிரித்தானியப் பள்ளியைத் துணிந்து தெரியலாம். ஆறாந் தரத்திற் பிள்ளை நம் பாடசாலையோடு ஒட்டிக்கொள்ளும். பதின்மூன்று, பதினான்கு வயதில் தமிழ் வாசிக்கத் தெரியாது திரும்பும் பிள்ளையின் நிலை வேறு. அதற்கு நம் வகுப்பறை அந்நிய தேசமாகும். பெற்றோர் கட்டணப் பாடசாலை தேடிக் கொழும்புக்குக் குடிபெயர்வர். இந்நாட்டிற் புதிதாய்க் கட்டணப் பாடசாலை தொடங்குவதை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தும், கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிந்து சர்வதேசப் பாடசாலைகள் பெருகியமை ஒரு விந்தை. அவை இத்தகைய பிள்ளைகளாலும் வாழ்கின்றன. குளம் வற்றிய பின் மதகைத் திறந்து என்ன பயன்?

திரும்புவதே இல்லை என்று முடிவு செய்தவர், இங்கிலாந்துக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ செல்லும் எண்ணமுடையவர், பிரித்தானியப் பாடத்திட்டத்தை இறுதிவரை தொடர்வதே முறை. அடிக்கடி பாடத்திட்டம் மாற்றுதல் பிள்ளைக்குச் செய்யும் தீங்காகும்.

மற்றையோருக்கு ஒரு காரியம் சொல்வேன். விஜயதசமியன்று ஏடு தொடக்கிய பின்னரே பிள்ளையை விமானம் ஏற்றுக. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தாரின் தமிழ்ப் பாடநூல்கள் முதலாந் தரம் முதற்கொண்டு அவர்களுடைய இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாள்தோறும் அரை மணி நேரம், இரவு உணவுக்கு முன், தந்தை அருகிருந்து வாசிப்பித்தால் ஒரு தரத்துக்குரிய நூலை ஓராண்டிற் கற்று முடிக்கலாம். சொல்வதெழுதுதலும் வேண்டும், வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் பலர் ரகர றகரத்திலும் மூன்று லகரத்திலும் தடுமாறுகின்றனர். மாதம் ஒருமுறை ஊரிலுள்ள அம்மம்மாவுக்குப் பிள்ளை தன் கைப்படத் தமிழிற் கடிதம் எழுதட்டும். தபாலுக்குச் செலவு அதிகமெனின் அதனைப் படம் பிடித்துக் கைத்தொலைபேசியில் அனுப்பலாம். பிழை திருத்தி அனுப்ப இங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் பலர் இருக்கின்றோம்.