எறும்புக்கு இல்லம் அமைத்த செடி

எறும்பூரக் கல்லும் தேயும் என்பர் நம் முன்னோர். எறும்பு குடியிருக்கச் செடி செழிப்பதும் உண்டென்பதை வாசகர்கள் அறிவார்களா?

1821ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பேராதனைப் பூந்தோட்டத்தைக் காணச் செல்வோர், மரக்கிளைகளில் வேறு செடிகள் ஒட்டி வளர்வதைக் கண்டிருப்பர். மேலொட்டிகள் எனப்படும் இவை, புல்லுருவியைப்போல மரத்தின் சாற்றை உறிஞ்சுவன அல்ல. தங்க இடம் மாத்திரமே கொள்வன. ஆயின், மண்ணைத் தொடாத செடிக்கு உரம் எங்கிருந்து கிடைக்கும்?

இவ்வினாவுக்கு விந்தையான விடை கண்ட செடியொன்று தென்கிழக்காசியாவிலும் நியூகினித் தீவிலும் வளர்கின்றது. ஐட்னோபைற்றம் என்பது அதன் தாவரவியற் பெயர். ஒருகாலத்தில் கண்டி மலைகளெங்கும் பயிரான கோப்பியின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அதன் அடித்தண்டு கிழங்குபோற் பருத்திருக்கும். அதனைப் பிளந்து நோக்கினால், உள்ளே அறைகளும் அவற்றை இணைக்கும் வழிகளும், அவற்றில் நடமாடும் எறும்புக் கூட்டமும் காணப்படும்.

எறும்புகள் குடைந்த பொந்துகளே இவை என நாம் எளிதில் எண்ணிவிடுவோம். யாவாவிலுள்ள பொகோர் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த மெல்கியோர் டிரொயிப், இதன் நெருங்கிய இனச் செடியை எறும்பு அணுகாவண்ணம் வளர்த்துப் பார்த்தார். அப்பொழுதும் அறைகள் தோன்றின! 1883இல் அவர் இம்முடிவை வெளியிட்டார். வீட்டைக் கட்டுவது செடியே என்பது தெளிவாயிற்று.

குடியிருப்போர் வாடகை கொடுக்கின்றனரா? கொடுக்கின்றனர். அறைகள் இருவகைப்படும். வழுவழுப்பான சுவருள்ள அறைகளில் எறும்புகள் தம் குஞ்சுகளை வளர்க்கும். பருக்கள் நிறைந்த சுவருள்ள அறைகளில் கழிவுகளைக் குவிக்கும். அப்பருக்களின் வழியே கழிவிலுள்ள ஊட்டம் செடியைச் சென்றடைவதைக் கமிலா ஹக்ஸ்லி என்னும் ஆய்வாளர் 1978இல் விளக்கினார். எறும்பு எறியும் குப்பை செடிக்கு உணவு!

நம் இலங்கையிலும் எறும்புக்கு இடமளிக்கும் மரம் உண்டு. சிங்கராசாக் காட்டில் வளரும் அதனைச் சிங்கள மக்கள் கல்கரந்த என்பர். இது மேலொட்டியன்று; மண்ணில் வேரூன்றியது. கிளைகளின் கணுவிடைகள் வீங்கி, உள்ளே வெறுமையாய், சிறு வாயிலுடன் விளங்கும். இரத்தினபுரிக்கு அருகிலுள்ள கிலிமலைக் காட்டில் நிகழ்ந்து 1999இல் வெளிவந்த ஆய்வு, எறும்புகளேயன்றிக் குளவிகளும் தேனீயினங்களும் அங்கே குடியிருப்பதை எடுத்துரைத்தது. தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் இதன் இனமரமொன்று, உள்ளே உறையும் எறும்பிடமிருந்தும் மண்புழுவிடமிருந்தும் ஊட்டம் பெறுவதையும் அறிஞர் கண்டுள்ளனர்.

ஆகவே, இத்தகைய மரமொன்றை வெட்டுவோர் விறகை மாத்திரம் பெறுவதில்லை. பல குடும்பங்களின் வீட்டையும் இடித்துவிடுகின்றனர். காட்டுக்குச் செல்லும் மாணவர்கள் கிளையை ஒடிக்காது, அதன் வாயிலருகே சற்றுப் பொறுத்து நின்று நோக்குவார்களாக. வீட்டுக்காரர் வெளியே வருவார்.