மீன்தொட்டியும் மின்கட்டணமும்

டில்லிக்குப் படிக்க வந்த நம்மவர் அறைகளில் இப்போது ஒரு புதுக் குடித்தனம் ஏறியிருக்கிறது. வண்ண மீன்களின் குடித்தனம்! மேசை மீது ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே நான்கு கப்பி, இரண்டு மோலி. தாய்மொழி காதில் விழாத ஊரில், படித்துக் களைத்த கண்களுக்கு அஃது ஆறுதல் என்பதை மறுப்பார் யார்? நான் மறுப்பது வேறொன்றை. மாத முடிவில் வீட்டுக்காரரின் துண்டுச் சீட்டு வந்ததும், “எல்லாம் இந்தத் தொட்டியால் வந்த வினை” என்று அறைத்தோழர்கள் கூடித் தீர்ப்பளிக்கிறார்களே, அதை மறுக்கிறேன். அத்தீர்ப்புக்கு அஞ்சி, மீன் வளர்ப்பவர் இரவில் பம்பை நிறுத்திவிட்டுப் படுக்கிறாரே, அதைக் கண்டிக்கிறேன்.

கணக்கைப் பார்ப்போம். நம்மில் பலர் இருப்பது வாடகை வீட்டில். துணை மீட்டர் வீட்டுக்காரருடையது. யூனிட்டுக்கு அவர் சொன்னதே விலை. நான் குடியிருக்கும் வீட்டில் 8 ரூபாய். அதையே இங்குக் கொள்கிறேன். 60 லிட்டர் தொட்டியில் 5 வாட் பம்பு இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 0.12 யூனிட், மாதத்துக்கு 29 ரூபாய்கூட ஆகாது. 10 வாட் விளக்கு நாள்தோறும் 8 மணி நேரம் எரிந்தால் மாதம் 19 ரூபாய்ச் சொச்சம். ஆக 48 ரூபாய்! மூவர் பங்கிட்டால் ஆளுக்கு 16 ரூபாய். இதற்கோ இத்தனை ஆரவாரம்?

இரவு பத்து மணிக்குப் பம்பை நிறுத்திக் காலை ஆறுக்கு ஓட்டுகிறவர் மிச்சம் பிடிப்பது எவ்வளவு தெரியுமா? 32 காசு. நீரின் மேற்பரப்பு அசைந்து கொண்டிருந்தால்தான் ஆக்சிஜன் நன்கு கரையும். வடிகட்டியின் பஞ்சில் வாழும் நுண்ணுயிர்களே மீன் கழிவிலுள்ள அம்மோனியா என்னும் நஞ்சை மாற்றிக் கேடு குறைந்த நைட்ரேட் ஆக்குகின்றன. அவற்றுக்கும் மூச்சு வேண்டும். ஓட்டம் நின்றால் அவை மடியும். அவை மடிந்தால் நீர் கெடும். பின்பு மீன் செத்து மிதக்கும். பேசத் தெரியாத உயிரின் மூச்சை 32 காசுக்கு அடகு வைப்பதற்குச் சிக்கனம் என்றா பெயர்?

நிற்க. சீட்டை உண்மையிலேயே கனக்கச் செய்வது ஹீட்டர். சென்னைக் கொளத்தூரில் வண்ண மீன் பெருக்கி விற்கிறவர்களுக்குத் தொட்டியைக் கதிரவனே காய்ச்சித் தருகிறான். இங்கோ சனவரியில் அறையே 14 பாகை செல்சியசுக்கு இறங்கிவிடுகிறது. கப்பிக்கு நீர் 26 பாகை இருந்தால் சுகம். 100 வாட் ஹீட்டர் நாளில் பாதி நேரம் எரிந்தால் 1.2 யூனிட், மாதம் 288 ரூபாய். பம்பைப்போல் பத்து மடங்கு! ஆனாலும் தொட்டியை ஏசும் தோழர் ஒன்று எண்ண வேண்டும். 15 லிட்டர் வாளி நீரை 15 பாகையிலிருந்து 40 பாகைக்குக் காய்ச்ச ஏறத்தாழ 0.44 யூனிட் செலவாகும். மூவர் குளித்தால் மீன் ஹீட்டரின் ஒருநாட் செலவைக் கடந்துவிடுகிறோம். (இதைச் சாக்கிட்டுக் குளிக்காதிருக்க முனைவோருக்கு நான் பொறுப்பல்லேன்!)

குறைக்க வழி உண்டு. தொட்டிக்கு மூடி போடுங்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியாகிப் போனால் அதனுடன் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யூனிட் வெப்பமும் போகிறது. திறந்த தொட்டியில் ஒழுகுவது நம் பணமே. பின்புறமும் பக்கங்களிலும் தெர்மோகோல் அட்டை வையுங்கள். வெப்ப இழப்பு, நீருக்கும் அறைக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. ஹீட்டரை 28 பாகையில் திருகி வைத்திருப்பவர் 24க்கு இறக்கினால் வேறுபாடு 14லிருந்து 10 ஆகும். செலவில் கால் பங்குக்கு மேல் மிச்சம். கப்பிக்கும் மோலிக்கும் 24 போதும்.

இனிமேல் வாங்கப் போகிறவர்கள் இந்த மண்ணின் மீனையே வாங்கலாமே! 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் தம் கங்கை மீன்கள் நூலில் விவரித்த ஜீப்ரா டேனியோ, வரி வரியாய் மின்னும் சிறு மீன். 18 பாகை நீரிலும் துள்ளும். 26க்கு வேண்டிய வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கே அதற்குப் போதும். தங்கமீனுக்கு ஹீட்டரே வேண்டா. ஆனால் அது பெரிதாய் வளரும், 60 லிட்டர் அதற்கு நெடுநாள் தாங்காது.

அறைப் பூசலுக்கு என் தீர்ப்பு இது: பம்புக்கும் விளக்குக்கும் ஆகும் 48 ரூபாயை அறை முழுதும் ஏற்கட்டும், பார்த்து மகிழ்வது எல்லாருமன்றோ! ஹீட்டர் செலவை மீனுக்குரியவர் தாமே தரட்டும். அதைத் தர இயலாதவர் மார்கழியில் கப்பி வாங்க வேண்டா. பங்குனி வரை பொறுக்கட்டும்.