புதிய மாடும் பழைய தொழுவமும்

கறவை மாடு வாங்கப் போகிற குடியானவர் பல்லைப் பார்ப்பார், மடியைப் பார்ப்பார், சுழியையுங்கூடப் பார்ப்பார். தடுப்பு ஊசி போட்டிருக்கிறதா என்று விசாரிப்பவர் சிலரே. அவர்களும், புது மாட்டுக்கு ஓர் ஊசி போட்டவுடன் மற்றவற்றோடு கட்டிவிடலாம் என்று எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பிழையானது.

ஊசி மருந்து போட்ட அன்றே காவல் செய்வதன்று. எதிர்ப்புச் சக்தி உண்டாக இரண்டு மூன்று வாரங்கள் செல்லும். காணை என்னும் கோமாரியோ, தொற்றிய பின் 2 முதல் 14 நாட்கள் வரையில் குறி காட்டாதிருக்கக் கூடும். சந்தையில் நோய் பற்றிய மாடு வாசலில் நல்ல மாடாகவே வந்து நிற்கும். அப்பொழுது போடும் ஊசி அந்நோயைத் தீர்க்காது.

ஆகையால் முதலில் ஊசி பெற வேண்டியவை பழைய மாடுகளே. அதுவும் புது மாடு வருவதற்கு மூன்று வாரம் முன்னரே. புதியதை 21 நாட்களுக்குக் குறையாமல் தனியே கட்டித் தனித்தொட்டியில் தண்ணீர் காட்டுதல் வேண்டும். அதன் ஊசிக் கணக்குத் தெரியாவிடில், வழிக்களைப்பு நீங்கிக் காய்ச்சலின்றி இருக்கையில் கால்நடை மருத்துவரைக் கொண்டு போடுவித்து, அதற்குப் பின் மூன்று வாரம் கழித்துச் சேர்ப்பதே உசிதம்.

கன்று வீச்சு நோய்க்கு வழி வேறு. அதற்குரிய ஊசி 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கே போடப்படுவது. வளர்ந்த பசுவை வாங்குவோர் இரத்தப் பரிசோதனை செய்விப்பதே தக்கது.

ஊசியால் பால் குறையும் என்பர். சில நாட்கள் சிறிது குறைதல் உண்மையே. கோமாரி கண்ட பசுவோ அந்த ஈற்று முழுவதும் பழைய கறவைக்குத் திரும்பாமற் போகலாம். இளங்கன்று இறக்கவும் கூடும். வயல்கள் மனைகளாகிவிட்ட முடிச்சூர்ப் பக்கத்தில் தனித்தொழுவத்துக்கு இடமேது என்பது நியாயமான கேள்வி. எனினும், தோட்டத்துக் கோடியில் ஒரு கீற்றுக் கொட்டகையோ, உறவினரின் வெறுந்தொழுவமோ மூன்று வாரத்துக்குப் போதும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்த இத்தாழ்ந்த பூமியில், தொண்டை அடைப்பானுக்கும் மழைக்கு முன்னரே ஊசி போடுதல் அவசியம்.

குதிரைகளிடத்தும் இவ்விதியே. 2007-ஆம் ஆண்டில் அயல்நாட்டுக் குதிரைகளோடு ஆஸ்திரேலியாவுக்குள் வந்த சளிச்சுரம், தனிக்காவலைத் தாண்டி, ஊசியறியா அந்நாட்டுக் குதிரைகளிடையே விரைந்து பரவிற்று.

2019 முதல் தேசியத் திட்டத்தின் கீழ்க் கோமாரி ஊசி இலவசமாகவே போடப்படுகிறது. காதுவில்லையிலுள்ள 12 இலக்க எண்ணைக் கொண்டு, மாடு பெற்ற ஊசிகளை மருந்தகத்தில் விசாரித்தறியலாம். ஊசி முகாம் நாளைக் கிராம அதிகாரிகள் முன்கூட்டியே அறிவித்து, ஒரு மாடும் விடுபடாமல் கொண்டுவரச் செய்தல் வேண்டும். ஒரு வீட்டு அசட்டை தெருவுக்கே நஷ்டமாகும். தொழுவங்களைக் காலியாக்கிய வெக்கை நோய் 2011-இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஊசியும் காவலும் கூடியே அதனை ஒழித்தன. மாட்டுக்குப் பெருந்தொகை கொடுப்பவர் மூன்று வாரப் பொறுமையையும் அவ்விலையோடு சேர்த்துக் கொள்வாராக.